வீட்டுக்குள் நடக்க ஒரு தாங்கி

தீர்த்தமலை அடிவாரத்தில் இடிந்துபோன ஒரு சிறுபாலத்தைப் பார்க்கப் போயிருந்த அன்று, என் இடது கால் செருப்பு மூன்று முறை கழன்று விழுந்தது. முதல் முறை பேருந்திலிருந்து இறங்கும்போது. இரண்டாம் முறை பாலத்தருகே ஜல்லியின் மீது. மூன்றாம் முறை ஊராட்சி எழுத்தரிடம் பேசிக்கொண்டே நடந்தபோது. அவர்தான் திரும்பிப் பார்த்து, "மேடம், செருப்ப அங்கயே விட்டுட்டு வர்றீங்க" என்றார். வார் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பும் வழியில் மொரப்பூரில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் ஒரு நாளிதழின் அரூர் வட்டாரச் செய்தியாளர். நேரம், இடம், எண்ணிக்கை மூன்றையும் உடனே எழுதிவைப்பது பதினாறு ஆண்டுப் பழக்கம். அன்றைய குறிப்பேட்டில் பாலத்தின் நீளத்துக்குக் கீழே "இடது செருப்பு, 3 முறை" என்று எழுதியிருக்கிறேன். ஏன் எழுதினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

புதுச் செருப்பைப் போட்டுப் பார்க்க நேரம் வரவில்லை. மறுநாள் காலை கழிப்பறையில் குந்தி உட்கார்ந்த என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வலி இல்லை. மரத்துப் போகவும் இல்லை. தரையின் ஈரம் பாதத்தில் தெளிவாகத் தெரிந்தது. எழ நினைத்தேன். தொடைகள் அசையவில்லை. என் கணவர் முருகேசன் தாழ்ப்பாளை நெம்பி உள்ளே வந்து என்னைத் தூக்கினார்.

தருமபுரியில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி காலைப் பற்றியதல்ல. "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி காய்ச்சல், பேதி ஏதாவது வந்துதா?" வந்திருந்தது. ஒரு திருமணச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு நாள் பேதி. சிறிய ரப்பர் சுத்தியால் முழங்காலின் கீழ் தட்டினார். கால் எகிறவில்லை. இன்னொரு முறை தட்டினார். பிறகு சுத்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நோயின் பெயர் கில்லன் பாரி (வெளியிலிருந்து வந்த கிருமியை எதிர்த்த உடல், அடையாளம் தவறி, தன் நரம்புகளையே தாக்கும் நிலை). என்னுடையது அசைவு நரம்புகளை மட்டும் தாக்கும் வகை. உணர்வு நரம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் ஈரம் தெரிந்தது, எழ முடியவில்லை.

இது காலில் தொடங்கி மேலே ஏறும் நோய். நெஞ்சுவரை ஏறினால் மூச்சுக்கு இயந்திரம் வைக்க வேண்டும். ஏறுகிறதா என்று அறிய மருத்துவர் ஓர் எளிய வழி வைத்திருந்தார். ஆழமாக மூச்சை இழுத்து, விடும் அந்த ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பது. முதல் மாலை முப்பத்து நான்கு. மறுநாள் இருபத்தேழு. அதற்கடுத்த நாள் இருபத்தொன்று. பிறகு பத்தொன்பது.

முருகேசன் அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் பேருந்தில் நடத்துநர். எண்ணுவது அவருக்கும் தொழில். கட்டிலருகே நின்று என்னோடு சேர்ந்து உதட்டால் எண்ணுவார். பத்தொன்பதில் நான் நின்றபோது, "பத்தொம்போது பேரு ஏறியிருக்காங்க. வண்டி கிளம்பப் போதும்" என்றார்.

ஐந்து நாள்கள் நரம்பு வழியாக எதிர்ப்புப் புரதம் (நலமுள்ளவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்து) ஏற்றினார்கள். எண்ணிக்கை பத்தொன்பதில் மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் இருபது. அந்த இரண்டு எண்களையும் என் வாழ்நாளில் எழுதிய எந்த எண்ணையும் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூச்சு தப்பியது. கைகள் ஒரு மாதத்தில் திரும்பின, வீட்டுக்கு அனுப்பினார்கள். தொடைகள் மூன்றாம் மாதம். முழங்காலுக்குக் கீழே எதுவும் வரவில்லை. உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் முன்பக்கம் தொங்கின.

"கீழ இருக்கற நரம்பு சில எடத்துல உள்ள கம்பியே அறுந்த மாதிரி ஆயிருக்கு," என்றார் மருத்துவர், மறுபரிசோதனைக்குப் போனபோது. நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும் சோதனையின் தாள் அவர் கையில் இருந்தது. "அது மேல இருந்து கீழ திரும்ப வளரணும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்னு வச்சுக்குங்க."

"ஒரு மில்லிமீட்டர்னா, ஒரு கேவுரு அளவுங்களா?" என்று கேட்டார் முருகேசன்.

மருத்துவர் யோசித்துவிட்டு, "ஏறக்குறைய" என்றார்.

வீடு திரும்பியதும் அதைச் சரிபார்த்தேன். அடிக்கோல் ஓரமாகக் கேழ்வரகு மணிகளை வரிசையாக வைக்கச் சொன்னேன். பத்து மணிகள் ஒரு சென்டிமீட்டரைச் சிறிது தாண்டின. என் இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல்வரை அளந்தால் தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர். உள்ளே, யாரும் பார்க்காத இடத்தில், ஒரு நாளைக்கு ஒரு கேழ்வரகு என்ற கணக்கில் ஏதோ ஒன்று கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தது. வழி தெரிந்தே வருகிறது என்றார் மருத்துவர். பழைய உறைகள் அப்படியே இருக்குமாம், புது நரம்பு அதற்குள் நுழைந்து வருமாம். அன்று முழுக்க வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

மணிகளை வரிசை வைத்தவள் செல்வி. முருகேசனின் தங்கை. கம்பைநல்லூர்ப் பக்கம் அவளுக்கு ஒரு வீடும், கொஞ்சம் நிலமும், நான்கு கறவை மாடுகளும், மாட்டைக் கண்டால் ஒதுங்கிப் போகும் கணவரும் உண்டு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு எனக்காக மொரப்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முருகேசனின் பேருந்து மாலை மலையேறி அங்கேயே தங்கி மறுநாள் இறங்கும். அவர் போகும் நேரத்தில் என்னோடு யாராவது இருந்தாக வேண்டும். தினமும் காலை ஆறு மணிக்குச் செல்வி தொலைபேசியில் தன் கணவருக்குப் பால் கறக்கச் சொல்லிக்கொடுப்பாள். "மடியத் தொடறதுக்கு முன்னாடி பேர் சொல்லிக் கூப்புடுங்க. திடீர்னு தொட்டா ஒதைக்காம என்ன பண்ணும்?"

அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒரு மாடு பால் வற்றத் தொடங்கியிருந்தது. இன்னொன்று சினை. முருகேசனோ மலைப் பேருந்தை விட்டுவிட்டுப் பணிமனையில் உட்கார்ந்து எழுதும் வேலை கேட்டு மனு எழுதத் தொடங்கியிருந்தார். அந்த மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவையும் பெயர் வைத்துக் கூப்பிடுகிற மனிதர் அவர். மனு அலமாரியில் பாதியில் கிடந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் வீட்டில், ஒரு பகல் முழுக்க, யாரும் பக்கத்தில் இல்லாமல், விழாமல் இருக்க வேண்டும். ஓடவோ மலையேறவோ ஆசைப்படவில்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்விட்டு, திரும்பி வந்து உட்கார வேண்டும். இரண்டு பேரின் வாழ்க்கை அதில் மாட்டியிருந்தது.

நரம்பு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று மருத்துவர் ஸ்டெல்லாவிடம் அனுப்பினார். கால் பலவீனமானவர்களுக்கு நடப்பதற்கான கருவிகளை வடிவமைத்துச் செய்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். மருத்துவமனைக்குப் பின்னால் நீளமான ஒரு பட்டறை. ஒரு மூலையில் பிளாஸ்டிக் தகட்டை இளக்கும் அடுப்பு. அலமாரி முழுக்க மாவுக்கட்டுச் சுண்ணாம்பில் வார்த்த கால்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெயர். தரையில் திருகாணிகளும் சுண்ணாம்புத் தூளும். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. இதை அன்று நான் கவனிக்கவில்லை.

"பழைய செருப்பு கொண்டாந்தீங்களாக்கா?" முன்பே தொலைபேசியில் கேட்டிருந்தார். தீர்த்தமலையில் மூன்று முறை கழன்ற அதே ஜோடியைச் செல்வி எடுத்துக் கொடுத்தாள். ஸ்டெல்லா அதைத் திருப்பி அடிப்பகுதியை வெளிச்சத்தில் பார்த்தார். "வலது குதிகால்ல வெளிப்பக்கம் தேஞ்சிருக்கு. வேகமா நடக்கறவங்க. ஒரு தோள்ல பை மாட்டுவீங்க." இரண்டும் உண்மை. என் நடை எனக்கு முன்பே ரப்பரில் எழுதப்பட்டிருந்தது. பதினாறு ஆண்டுகள் பிறரைப் பார்த்து எழுதியவளுக்கு அது தெரியவில்லை.

பிறகு செல்வியை நடக்கச் சொன்னார். நலமான ஒரு நடையை எனக்குக் காட்ட வேண்டுமாம். செல்வி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு பட்டறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். ஸ்டெல்லா அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வேகத்தைக் குறைத்துக் காட்டினார்.

நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். குதிகால் முதலில் தரையைத் தொடுகிறது. பாதம் பொத்தென்று விழுவதில்லை. கண்ணாடித் தட்டை வைப்பதுபோல ஒரு தசை அதைப் பிடித்துப் பிடித்து இறக்குகிறது. அசையாமல் நிற்கும் பாதத்தின் மேல் கெண்டைக்கால் மெல்ல முன்னால் சாய்கிறது. முழங்கால் இம்மியளவு மடங்கி எடையை வாங்கி நிமிர்கிறது. குதிகால் எழுகிறது. விரல்கள் வளைகின்றன. கடைசியில் கட்டைவிரல் தரையைத் தள்ளிவிட, கால் காற்றில் ஏறுகிறது. அந்த நொடியில் முன்பாதம் தானாக மேலே தூக்கிக்கொள்கிறது, தரையில் இடிக்காமல் இருக்க. உண்மையான வேகத்தில் இதெல்லாம் ஒரு நொடிக்குச் சற்று மேல். அடுத்த காலுக்கு மறுபடியும்.

செல்வி தன் காலை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் நானா பண்றேன்?"

"நீங்கதான்," என்றார் ஸ்டெல்லா.

"மாட்டுக்குப் பின்னாடி ஓடும்போதும் இவ்ளோ வேல நடக்குதா? அப்பறம் ஏன் ஊட்டுக்காரரு நான் ஒண்ணும் பண்றதில்லன்னு சொல்றாரு?"

இதில் இரண்டு வேலைகள் என் காலால் முடியாதவை. முன்பாதத்தைத் தூக்குவது, கெண்டைக்கால் சாய்வதைப் பிடிப்பது. அந்த இரண்டையும் செய்வதற்கு ஸ்டெல்லா ஒரு தாங்கி வார்த்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொடங்கி, கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கி, உள்ளங்காலுக்கு அடியில் நீளும் மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. இரண்டு கால்களுக்கும் ஒவ்வொன்று. அதைப் போட்டு, அதன் மேல் ஷூ மாட்ட வேண்டும். ஷூவின் குதிகால் உயரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் ஓட்டின் சாய்வை அமைத்திருப்பதாகச் சொன்னார். "எப்பவும் ஷூவோடதான் நடக்கணும்." குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கோடும் இழுத்தேன்.

பட்டறையில் இருபது அடி நடந்தேன். நான்கு கால் வாக்கரை (இரு கையாலும் பிடித்துத் தள்ளும் உலோகச் சட்டம்) விட்டுவிட்டு, ஒரு கைத்தடியுடன். ஐந்து மாதத்தில் முதல் முறையாக என் பாதம் தரையை உரசாமல் முன்னால் வந்தது. அலமாரியில் இருந்த சுண்ணாம்புக் கால்கள் எல்லாம் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு பதினோரு நாளில் நான்கு முறை விழுந்தேன்.

நான் பயந்தது தெருவுக்குத்தான். எங்கள் தெருவில் சிமென்டு பெயர்ந்து ஜல்லி தெரியும். நடுவில் ஆடு படுத்திருக்கும். தினமும் காலை செல்வியுடன் பால் சங்கம்வரை போய் வந்தேன். சேலைக்குக் கீழே வெள்ளை ஷூவைப் பார்த்துப் பால் ஊற்ற வந்த ஒருவர், "என்னம்மா, போலீஸ் செலக்‌ஷனுக்கா?" என்றார். "ஆமாங்க, மொதல்ல உங்களத்தான் புடிக்கணும்," என்றாள் செல்வி. அந்தத் தெருவில் ஒருமுறைகூட நான் தடுமாறவில்லை. விழுந்தது எல்லாம் வழவழப்பான, சமமான, பெருக்கித் துடைத்த வீட்டுக்குள்.

ஒவ்வொரு முறையும் குறித்துவைத்தேன். காலை 7.40, சமையலறை வாசல், பின்பக்கமாக. பகல் 12.15, பீரோ முன், பின்பக்கமாக. மாலை 5, நாள்காட்டிக்குக் கீழே, பின்பக்கமாக. காலை 8.10, மறுபடியும் சமையலறை வாசல், பின்பக்கமாக. தலை நிலைப்படியில் இடித்தது. முழங்கால் யாரோ முன்னாலிருந்து அழுத்தியதுபோலப் பின்னால் போகும். அடுத்த நொடி கூரை தெரியும்.

நான்காவது முறைக்குப் பிறகு செல்வி என் பக்கத்தை விட்டு நகரவில்லை. கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று ஊர்க்கதை பேசினாள். முருகேசன் அலமாரியிலிருந்து மனுவை எடுத்து, இரண்டு வரி சேர்த்து முடித்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

நோய் திரும்பி வருகிறது என்று நான் முடிவு செய்தேன். சிலருக்கு அப்படி வரும் என்று படித்திருந்தேன். இரவில் படுத்தபடி ஒரே மூச்சில் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தாறு. ஆனாலும் நம்பவில்லை.

மருத்துவர் நடைகூடத்தில் என்னை நடக்கச் சொன்னார். நன்றாக நடந்தேன். திரும்பச் சொன்னார். திரும்பினேன். "இங்க எதுவும் தெரியலயே," என்றார். குறிப்பேட்டைக் காட்டினேன். நான்கு வரிகளையும் படித்துவிட்டு, "எல்லாமே வீட்டுக்குள்ள" என்றார். நரம்புச் சோதனையைத் திரும்பச் செய்யலாம், ஆனால் அதற்கு முன் தாங்கியைச் செய்தவர் ஒருமுறை வீட்டை வந்து பார்க்கட்டும் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குப் போய்விட்டு, ஸ்டெல்லா வந்தார். நானும் செல்வியும் பேருந்து நிறுத்தம்வரை போய் அழைத்து வந்தோம். வழியெல்லாம் அவர் எனக்குச் சற்றுப் பின்னால் நடந்து முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஒரு குறையும் இல்லியேக்கா," என்றார் வாசலில்.

வாசலில் நான் சுவரைப் பிடித்து நின்றேன். செல்வி குனிந்து வழக்கம்போல என் ஷூ நாடாக்களை அவிழ்த்து, இரண்டையும் உருவி, செருப்புப் பலகையில் வைத்தாள். தாங்கி மட்டும் காலில் இருந்தது. உள்ளே போனேன். ஸ்டெல்லாவும் தன் செருப்பைக் கழற்றிப் பலகையின் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

நடுக்கூடத்தில் நின்றார். என் பாதங்களைப் பார்த்தார். பிறகு தன் பாதங்களைப் பார்த்தார். அவருடைய வெறுங்கால் விரல்கள் தரைக் கல்லின் மேல் ஒருமுறை சுருங்கி விரிந்தன.

"எப்பவும் ஷூவோடதான்னு சொன்னேனேக்கா."

"ஆமா. எழுதிக்கூட வச்சேன். வெளிய போறப்ப எப்பவும் போட்டுக்கிட்டுதான் போறேன்."

"வூட்டுக்குள்ள?"

"வூட்டுக்குள்ள எப்படிங்க?" என்றாள் செல்வி, கேள்வியே புரியாமல்.

ஸ்டெல்லா நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்களச் சொல்லி என்ன பண்றது. நானும் கழட்டிட்டுதானே உள்ள வந்தேன்."

பிறகு விளக்கினார். ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஏற்றபடி ஓட்டைச் சாய்த்திருக்கிறார். ஷூவைக் கழற்றினால் அந்த உயரம் போய்விடும். ஓடு பின்னால் சாயும். கெண்டைக்காலையும் முழங்காலையும் சேர்த்துப் பின்னால் இழுக்கும். பிடித்து நிறுத்த வேண்டிய தசை எனக்கு இல்லை. மருத்துவமனையில் ஷூவோடு நடந்தேன். தெருவில் ஷூவோடு நடந்தேன். வாசலில் ஒவ்வொரு நாளும், என் கையாலும் செல்வியின் கையாலும், கருவியின் பாதியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறேன். பதினாறு ஆண்டுகள் செய்தி எழுதியவள் நான்கு வீழ்ச்சிக்கும் நேரம் குறித்தேன், இடம் குறித்தேன், திசை குறித்தேன். காலில் என்ன இருந்தது என்று குறிக்கவில்லை. அது ஒரு தகவல் என்றே தோன்றவில்லை.

"பாதத்த அளந்தேன், கெண்டக்கால அளந்தேன். வூட்டுக்குள்ள எப்படி நடப்பீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல," என்றார் ஸ்டெல்லா. "ரப்பர் ஏதாவது இருக்கா? அரை இஞ்சு கனம் வேணும்."

செல்விக்குப் பரணில் இருந்த பை நினைவுக்கு வந்தது. தீர்த்தமலையிலிருந்து திரும்பிய அன்று நான் வாங்கிய ரப்பர் செருப்பு, விலைச்சீட்டோடு அப்படியே இருந்தது. அதை ஸ்டெல்லா வாங்கிக் கத்தியைக் கேட்டதும் செல்வி தயங்கினாள். "செருப்பாச்சேங்க. சாமி படம் இருக்கற எடத்துல."

"இது இன்னும் தெருவையே பாக்கலயே. ரப்பர்னு நெனச்சுக்குங்க."

செல்வி படத்தைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். "சரி, வார மட்டும் பிச்சு வெளிய போட்டுருங்க. வார் இருந்தாத்தான் செருப்பு."

குதிகால் பக்கம் தடிமனாகவும் முன்னால் மெலிந்தும் இருக்கும்படி ஸ்டெல்லா இரண்டு ஆப்புகள் வெட்டி, ஓட்டின் அடியில் ஒட்டுப்பட்டையால் சுற்றினார். எழுந்து நின்றேன். அந்த வித்தியாசத்தை எப்படிச் சொல்வதென்று இன்றும் தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ இழுத்துக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டார்கள். சமையலறை வாசல்வரை போனேன். இரண்டு முறை விழுந்த இடம். நின்றேன். திரும்பினேன். முழங்கால் அதன் இடத்தில் இருந்தது. அரை அங்குல ரப்பர். நோய் திரும்பவில்லை.

செல்வி சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதுக்கா அண்ணி ராத்திரி ராத்திரி ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டு இருந்தீங்க?" அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

இத்தோடு முடிந்துவிடவில்லை. வீட்டுக்குள் மட்டும் போட ஒரு தனி ஷூ வைத்துக்கொள்ளலாம் என்றார் ஸ்டெல்லா, அது எளிது. மூன்று நாள் முயன்றேன். மூன்றாம் நாள் கழிப்பறைக்கு முன்னால் தண்ணீர் சிந்தியிருந்தது; ஷூவுக்குள் இருந்த பாதத்துக்கு அது தெரியவில்லை. செல்வி பிடித்துக்கொண்டாள். என் கால்களில் நோய் தொடாமல் விட்டது ஒன்றே ஒன்று, உணர்வு. அதையும் நான் மூடி வைத்துக்கொண்டு நடந்தேன்.

இதைச் சொன்னபோது ஸ்டெல்லா எதிர்ப்பேச்சு பேசவில்லை. ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கு வேறொரு ஜோடி செய்தார். இதில் ஓடு பின்னால் இல்லை, முன்னால். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கவிந்து இறங்கி, பாதத்தின் நடுப்பகுதியை மட்டும் ஒரு மெல்லிய பட்டைபோல அடியில் சுற்றிக்கொள்ளும். குதிகாலும் விரல்களும் தரையைத் தொடும். சாய்வு வெறுங்காலுக்கு அளந்தது. முதல் ஜோடி கணுக்காலில் உரசிப் புண்ணாக்கியது. விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தார். இரண்டாவது முறை சரியானது.

இப்போது அவருடைய பட்டறையில் யார் போனாலும், பெயருக்கும் வயதுக்கும் அடுத்து ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் வீட்டில் செருப்பை எந்த இடத்தில் கழற்றுவீர்கள்? இதை வாசிக்கும் உங்களுக்கும் காலில் தாங்கி இருந்தால், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே சொல்லுங்கள். விழுந்தால், காலில் என்ன இருந்தது என்பதையும் எழுதிவையுங்கள்.

செல்வி ஊருக்குக் கிளம்பிய காலை, முருகேசன் மலையிலிருந்து இறங்கும் வண்டியில்தான் இருந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் மூன்று முறை திரும்பி நின்றாள். "கேஸ மூடுனீங்களா? போன் இடுப்புல இருக்கா? எதுக்கும் கதவத் தாழ்ப்பா போடாதீங்க." நான் வாசற்படியில் நின்று, "படியில நிக்காதீங்க, முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்றேன். ஐந்து மாதம் என்னை ஒவ்வொரு படி ஏற்றும்போதும் முருகேசன் சொன்ன வசனம். சிரித்துக்கொண்டே போனாள்.

காலை 9.05. வீட்டில் யாரும் இல்லை. குறிப்பேட்டில் எழுதினேன். அலமாரியைத் திறந்தேன். மனு இல்லை, அந்த இடத்தில் பயணச்சீட்டுக் கட்டின் அட்டை ஒன்று கிடந்தது. மலை வண்டியை அவர் விடப்போவதில்லை.

சமையலறைக்குப் போனேன். குதிகால் தொட்டது, பாதம் இறங்கியது, விரல்கள் தரையைக் கண்டன. குளிர்ச்சி. அடுத்த கல். ஓர் இடத்தில் ஈரம் தெரிந்தது. நின்று, சுற்றிப் போனேன். தண்ணீர் குடித்தேன். கழிப்பறைக்குப் போய் வந்தேன். உட்கார்ந்தேன். எழுந்து, காரணமில்லாமல், ஜன்னல்வரை போனேன். மொரப்பூர் நிலையத்தில் ஒரு ரயில் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு நான் அவசரப்படுவேன். யாரையோ பார்க்க வேண்டியிருக்கும், எதையோ அனுப்ப வேண்டியிருக்கும். இப்போது ரயில் போய் முடிகிறவரை கேட்டேன்.

பகல் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. பின்னால் மாடு கத்தும் சத்தம்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"நின்னுக்கிட்டு இருக்கேன்."

"எதப் புடிச்சுக்கிட்டு?"

பார்த்தேன். ஒரு கையில் தொலைபேசி. இன்னொரு கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கைத்தடி நாற்காலியில் சாய்ந்து கிடந்தது.

"எதையும் புடிக்கல," என்றேன்.

மறுமுனையில் மாடு மட்டும் கத்தியது. நான் என் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருத்துவமனை விட்ட நாளிலிருந்து எண்ணினால் அன்று நூற்றறுபத்தேழாவது கேழ்வரகு மணி. முழங்காலுக்கு மேலே, தொடையில் எங்கோ வந்திருக்க வேண்டும். கட்டைவிரலுக்கு இன்னும் வெகு தூரம். அது வரட்டும். அது வருகிற வேகத்தில்தான் இப்போது என் நாள்கள் போகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மணி அளவு, ஒவ்வொன்றும் முழுதாக.

"அண்ணி, இருக்கீங்களா?" என்றாள் செல்வி.

"இருக்கேன்," என்றேன்.